‘எங்கள் ஹாஸ்டலில் பிராணி கிடையாது’

வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். அதில் பதினான்காவது விதியை எழுதியவள் நான். "உயிருள்ள எந்தப் பிராணியும் ஹாஸ்டல் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. மீறினால், பிராணி காணப்பட்ட அன்றே அந்த இடத்தில் குடியிருப்பவர்கள் அனைவரும் காலி செய்ய வேண்டும்." இரண்டே வரி. எழுதி முடித்த அன்று, யாரும் சுற்றி வளைத்துப் பேச இடமில்லாமல் எழுதிவிட்டோம் என்று எனக்கே திருப்தியாக இருந்தது.

ஜார்ஜ் டவுனில் பெண்கள் ஹாஸ்டல் வார்டனாகப் பதினெட்டு வருடம் இருந்தேன். நினைத்திருந்ததற்கு ஏழு வருடம் முன்பாகவே, ஐம்பத்து மூன்று வயதில் வெளியே வந்துவிட்டேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சாவிக்கொத்து, வருகைப் பதிவேடு, தீ விபத்துப் பயிற்சி எல்லாம் பத்து நாளில் உங்களுக்கே பழகிவிடும். நான் எழுதப் போவது என் மகளுக்கு வந்த காய்ச்சலைப் பற்றி. அவள் பிழைத்துவிட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மீதியை என்னால் எழுத முடியாது.

அந்த விதி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வருடம் இரண்டாவது மாடியில் ஒரு மாணவி ரகசியமாக முயல் வளர்த்தாள். அது கணினியின் சார்ஜர் வயரைக் கடித்து, தீப்பொறி பறந்து, மெத்தை கருகி, மாடி முழுவதும் புகை. நூற்று இருபது பெண்பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கி ஓடி வந்ததை நான் கீழே நின்று எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. அந்தப் பெண் குளியலறையில் இருந்தாள், ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள். அந்த ஐந்து நிமிடம் பட்ட பயத்தில், மறுநாள் காலை உட்கார்ந்து எழுதிய விதி அது. பயந்த மறுநாள் எதையும் எழுதாதீர்கள். ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள்.

விதி வந்து மூன்றாவது மாதம் முதல் ஆள் மாட்டினாள். தாசேக் கெலுகோர் ஊர்ப் பெண். துணி அலமாரியில் ஒரு வெள்ளெலி. உள்ளங்கை அளவுகூட இருக்காது.

"மேடம், ஒரே ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். பரீட்சை முடிஞ்சதும் நானே வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."

"ஒரு வாரம் குடுத்தா நாளைக்கு ஒருத்தி யானை கொண்டு வருவா" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல பதிலாகத் தெரிந்தது.

அன்று மாலையே அவள் அப்பா வேனை எடுத்துக்கொண்டு வந்தார். தலையணையும் வாளியும் ஒவ்வொன்றாக இறங்கின. அப்போது என் மகள் நிவேதாவுக்குப் பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவம். ஹாஸ்டலின் தரைத்தளத்தில் வார்டனுக்கென்று ஒரு சிறிய வீடு உண்டு. கணவர் இறந்த பிறகு நானும் அவளும் மட்டும் அங்கே இருந்தோம். அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த அக்கா அழுவுறாங்க."

"அழட்டும். மத்த பிள்ளைங்க கத்துக்குவாங்க."

கற்றுக்கொண்டார்கள். அதன்பின் நான்கு வருடம் என் கட்டடத்தில் ஒரு பிராணிகூடச் சிக்கவில்லை. கூட்டங்களில் மற்ற வார்டன்கள் பூனை, கிளி என்று புலம்பும்போது நான் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். "எங்கள் ஹாஸ்டலில் பிராணி கிடையாது" என்று சொல்வேன். அந்தத் தாசேக் கெலுகோர்ப் பெண் பரீட்சை எழுதினாளா, படிப்பை முடித்தாளா என்று நான் விசாரிக்கவே இல்லை. அவள் படிப்பை விட்டுவிட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. மாணவிகள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நிவேதா அதே கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்தாள். கீழே என்னோடு இருக்க மாட்டேன், மாடியில் மாணவிகளோடு இருக்கிறேன் என்று பிடிவாதம். "உன்கூட இருந்தா எவளும் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டாம்மா. ஸ்பைன்னு நினைப்பாங்க." சரியென்று மூன்றாவது மாடியில் இடம் கொடுத்தேன். அறைத்தோழி சர்மிளா, சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தவள். அப்பா இல்லை, அம்மா தோட்டத்தில் வேலை செய்கிறார். உதவித்தொகையில் ஹாஸ்டலும் சேர்ந்தே வந்ததால்தான் அந்தப் பெண்ணால் படிக்க முடிந்தது. மாடிப்படியில் எதிரே வந்தால் என் மகளும் எல்லோரையும்போல "குட் மார்னிங் மேடம்" என்பாள். உதட்டோரம் சிரிப்பு இருக்கும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் வருடத்தில், மூன்றாவது மாடியில் ஏதோ வாடை வருகிறது என்று ஒரு மாணவி புகார் சொன்னாள். இரண்டு வாரத்துக்குத் தினமும் அறைச் சோதனை என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். சோதனையை முன்கூட்டியே அறிவிப்பதுதான் எங்கள் வழக்கம். நாகரிகம் என்று நினைத்துச் செய்தது. ஒளித்து வைக்க நேரம் கொடுக்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஒரு வாரம் தினமும் ஏறி இறங்கினேன். அலமாரியைத் திறந்தேன், கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தேன். ஒன்றுமே இல்லை.

அந்த வாரம் முழுக்க இன்னொரு அதிசயமும் நடந்தது. நிவேதா தினமும் மாலையில் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள்.

"என்னடி, கேண்டீன் சாப்பாடு சலிச்சுப் போச்சா?"

"நீ வைக்கிற சம்பல் மாதிரி எங்கம்மா வரும்?"

வந்ததும் நேராகத் தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பத்து நிமிடம் கழித்து வந்து சாப்பிட உட்காருவாள். பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று நாள் அவளுக்குப் பிடித்த மீனாக வாங்கி வைத்தேன். ஆள்காட்டி விரலில் ஒரு சின்ன பிளாஸ்டர் இருந்தது. கேட்டதற்கு, அட்டை வெட்டும்போது கத்தி பட்டது என்றாள். வடிவமைப்புப் படிக்கிற பெண், நம்பினேன்.

எட்டாவது நாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் கொதித்தது. மாடிக்குப் போக வேண்டாம், இங்கேயே படு என்று அவளுடைய பழைய அறையிலேயே படுக்க வைத்தேன். இரண்டு நாளும் காய்ச்சல் விடவில்லை. கைகால் மூட்டுகள் வீங்கின. உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடியால் வரும் டிங்கி என்றே முடிவு செய்து மருத்துவமனைக்கு ஓடினேன்.

டிங்கி இல்லை என்று வந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் இல்லை. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. ஊகத்தில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். இளவயது சீன டாக்டர் ஒருவர், மிகவும் பொறுமைசாலி. ஆற்றில் குளித்தாயா, காட்டுப் பக்கம் போனாயா, ஏதாவது பிராணியைத் தொட்டாயா, கடித்ததா என்று வரிசையாகக் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். நிவேதா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்."

அதோடு விட்டேனா? நானே முந்திக்கொண்டு, "இவள் இருப்பது நான் நடத்துகிற ஹாஸ்டல், டாக்டர். எங்கள் ஹாஸ்டலில் பிராணி கிடையாது. அதற்கு விதியே இருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அந்தக் கேள்விக்கு எதிரே கோடு போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் மறுபடி என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி இல்லை என்றாள். அந்தப் பார்வையைக் காய்ச்சல் மயக்கம் என்று எண்ணிக்கொண்டேன். மாணவிகள் பொய் சொல்லும்போது கண் எங்கே போகும் என்று புதிய வார்டன்களுக்கு வகுப்பெடுத்தவள் நான்.

மருத்துவமனையில் ஐந்தாவது நாள் மத்தியானம் அவள் பேச்சு குழற ஆரம்பித்தது. இரத்த அழுத்தம் இறங்கியது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். நோய்க்கிருமி இதயம் வரை போயிருக்கலாம், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். திரைக்குள் நின்ற தமிழ் நர்ஸ் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு அம்மாவா, வார்டனா?"

"ரெண்டும்தான் சிஸ்டர்."

"அப்போ ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பிள்ளை இப்படிக் கிடக்கும்போது..."

"அதுக்குத்தான் சொல்றேங்க்கா. நாலு நாளா பார்க்கிறேன். என்ன கேட்டாலும் உங்க மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுது. போங்க லா."

வெளியே வந்தேன். பார்வையாளர் நேரம், லிப்ட் வாசலில் கூட்டம். அதற்கு நடுவே சர்மிளா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நிவேதாவுக்கு எப்படி இருக்கு மேடம்?"

"சரியில்ல. நினைவு தப்புது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "மேடம், நான் டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "டாக்டர்கிட்ட மட்டும். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் பிள்ளை உள்ளே சாகக் கிடக்கிறாள். எதிரே நிற்கும் பெண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஓடு, போய்ச் சொல் என்று தள்ளிவிட்டிருக்க வேண்டும். நான் அவள் கையை எட்டிப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியாம என் ஹாஸ்டல்ல என்ன நடக்குது? எத்தனை நாளா நடக்குது?"

'என் ஹாஸ்டல்ல' என்று சொன்னேன். 'என் பிள்ளைக்கு' என்று வரவில்லை. சர்மிளாவின் முகம் கதவு சாத்திக்கொள்வதுபோல மூடிக்கொண்டது. "ஒண்ணுமில்ல மேடம். நான் போறேன்" என்று கையை உருவினாள். லிப்ட் வந்து நின்றது. அவள் உள்ளே ஒரு காலை வைத்தாள்.

அந்தக் கால் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பழைய நீல நிறச் செருப்பு. கதவு மூடியிருந்தால் அவள் சுங்கை பாக்காப் பஸ் ஏறிப் போயிருப்பாள். நான் இன்று உங்களுக்கு எதுவும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நர்ஸ் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடப் போன லிப்ட் கதவில் கையை வைத்துத் தடுத்தேன். கதவு என் மணிக்கட்டில் இடித்துத் திறந்தது.

"சர்மிளா, உள்ள போ. அந்தத் திரைக்குள்ள டாக்டர் இருக்கார். நான் வரமாட்டேன். நீ என்ன சொன்னேன்னு அப்புறம் கேக்கவும் மாட்டேன். உன் ரூமை யாரும் தொட மாட்டாங்க."

"சத்தியமாவா மேடம்?"

"என் பிள்ளை மேல சத்தியமா."

அவள் ஓடினாள். நான் கழிவறைப் பக்கம் போய், திரை கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சுவரை நோக்கி நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தங்கள் வேகமாயின. என் பதினெட்டு வருட வேலையில் நான் எடுத்த நல்ல முடிவு எது என்று கேட்டால், அந்தச் சுவரைப் பார்த்து நின்ற கால்மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

டாக்டர் வந்து என்னிடம் சொன்னார். அவள் விரலில் இருப்பது கத்திக் காயம் இல்லை. வளர்ப்பு எலி கடித்தது. பார்க்கச் சுத்தமாக, ஆரோக்கியமாக இருக்கும் எலியின் வாயிலும் அந்தக் கிருமி இருக்குமாம். பழைய பெனிசிலின் போதும், இப்போதே ஏற்றுகிறோம் என்றார். முதல் நாளே தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, அந்த எலி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னார்.

"எங்கே இருக்கிறது?" என்றேன்.

"உங்கள் வீட்டில்."

சர்மிளாவிடம் கேட்டதை அவர் விவரமாகச் சொன்னார். சோதனை நடக்கும் இரண்டு வாரமும் அது என் வீட்டில், நிவேதாவின் பழைய அறை அலமாரிக்குள் இருந்திருக்கிறது. கட்டடத்தில் நான் டார்ச் அடித்துப் பார்க்காத ஒரே இடம் அதுதானே? இடம் மாற்றிய அன்றுதான் கடித்திருக்கிறது. அவள் ஒவ்வொரு மாலையும் வந்தது அதற்குத் தீனி போட.

வீட்டுக்குப் போய் அந்த அலமாரியைத் திறந்தேன். அவளுடைய பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கூண்டு. தண்ணீர்ப் புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம். கம்பிக்கு வெளியே இருந்த தீவனப் பையை அது உள்ளிருந்தபடியே இழுத்துக் கடித்துக் கிழித்திருந்தது. வெள்ளை எலி. சிவப்புக் கண். எதிர்பார்த்த ஆள் நானில்லை என்பதுபோல என்னைப் பார்த்தது. ஐந்து நாளாக அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் நான் வந்து வந்து குளித்து, உடை மாற்றி, சாமி கும்பிட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஹாஸ்டல் நிர்வாகிக்குப் போன் செய்து, வளாகத்தில் பிராணி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் சொன்னேன்.

"அந்த வாடைப் புகார் வந்தப்பவே நினைச்சேன் மேடம். அந்த ரூம்மேட் பொண்ணு வேலையாத்தான் இருக்கும். பேரை எழுதி அனுப்புங்க போதும், மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"எலி இருக்கிறது என் வீட்டு அலமாரியில."

"அது சரி லா. ஆனா ரூல் ஸ்டூடண்ட்ஸுக்குத்தானே? நீங்க எதுக்கு இதுல தலையைக் குடுக்கறீங்க?"

"குடியிருப்பவர்கள்னு எழுதியிருக்கேன் சார். நானும் இங்க குடியிருக்கிறவதான்."

"மேடம், உங்களுக்கு இப்ப மனசு சரியில்ல. நாளைக்குப் பேசுவோம்."

"‘அன்றே’ன்னும் எழுதியிருக்கேன் சார்."

இதை வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் இன்னொரு இரவு தூங்க என்னால் முடிந்திருக்காது. புக்கிட் மெர்தாஜத்திலிருந்து அக்காவும் மாமாவும் காரில் வந்தார்கள். இரண்டு பெட்டிகளை ஏற்றினோம். கையுறையோடு நான் கூண்டைத் தூக்கி வந்ததைப் பார்த்து மாமா அரண்டுபோனார்.

"இதுவுமா வருது?"

"இதனாலதான் மாமா காலி பண்றோம். இதை விட்டுட்டுப் போனா எப்படி?"

மாடி ஜன்னல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். வார்டன் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பதால் வீட்டோடு வேலையும் போயிற்று. எலியைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட்டு அன்றிரவே மருத்துவமனைக்குத் திரும்பினேன்.

எனக்குப் பிறகு வரும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் ஏதுமில்லை. விதி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புகையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விதியைத் திருத்தும்போது, கடிபட்டவள் பெயர் சொல்லாமல் மருந்து கேட்க ஒரு வழி வையுங்கள். பிராணியைக் கொண்டுபோய் விட ஒரு வாரம் கொடுங்கள், யானை வராது. உங்கள் மாணவியிடம் டாக்டர் கேள்வி கேட்கும்போது வெளியே போய் நில்லுங்கள். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கட்டடத்தில் வருடக்கணக்காக ஒரு குற்றமும் அகப்படவில்லை என்றால், தயவுசெய்து கூட்டத்தில் பெருமை பேசாதீர்கள்.

மருந்து மாற்றிய மூன்றாவது நாள் காலை நிவேதாவுக்குக் காய்ச்சல் விட்டது. கண் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, சர்மிளா ரூம்ல இருக்காளா?"

"இருக்கா."

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும். அவ எங்கேயும் போகல. காலி பண்ணினது நாமதான். கீழ் வீட்டை."

சர்மிளா செய்த தப்பை நான் மன்னித்துவிட்டேன், எனக்கு அவள் மேல் கோபமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"எலி சர்மிளாவோடது இல்லம்மா. அவளுக்கு எலின்னாலே பயம். கட்டில் மேல ஏறி நின்னுக்குவா. நான்தான் வாங்கினேன். போன வருஷம், அப்பா திதி அன்னிக்கு. ரூம்ல ஒண்ணு உயிரோட அசைஞ்சா தூக்கம் வந்துச்சு. மாட்டினா எனக்கென்ன, கீழ வந்து உன்கூட இருந்துக்குவேன். அவளுக்குத்தான் போறதுக்கு இடமில்ல. அதனாலதான் சொல்லல."

டாக்டர் உள்ளே வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் நடந்தேன்.

"இரும்மா, எங்க போற?" என்றாள். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."